கல்லூரி மணியின் நாக்கு

கல்லூரி அதிபர் துரைராசா லிந்துலையில் பத்திநாதன் வீட்டுக்கு வந்து இறங்கியபோது, மழை விட்டு வெகு நேரமாகியும் குடையை மடக்கவில்லை. பத்திநாதன் அவரை உட்காரவைத்து முதலில் தேத்தண்ணீர் கொடுத்தார். தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஊராரின் புதிர்களை அவிழ்த்துக்கொண்டிருந்த அவருக்கு, கெட்ட செய்தியை வெறும் வயிற்றில் கேட்கப் பிடிக்காது.

"எங்கடை கல்லூரி மணியின்ரை நாக்கைக் காணேல்லை," என்றார் அதிபர். "நாளைக்குக் கல்லூரி நாள். படிச்சு முடிச்ச ஒவ்வொருத்தரும் வந்து மணியை ஒருதரம் அடிச்சுப்போட்டுத்தான் உள்ளுக்கை வருவினம். சனிக்கிழமை நாக்கு இருந்தது. நேற்று நாங்கள் தேவாலயத்துக்குப் போன நேரம் வளவுக்குள்ளை நிண்டவன் காவலாளி செல்லசாமி மட்டுந்தான். இண்டைக்கு அவனை வேலையாலை நிப்பாட்டப் போறன்."

"செல்லசாமி அண்ணனையா?" என்று குறுக்கே பாய்ந்தாள் டோரீன். பத்திநாதனின் தங்கை மகள். அந்தச் சின்னக் கல்லூரியில் படித்து ஆசிரியையானவள். துப்புத் துலக்குவதென்றால் அவளுக்குச் சாப்பாடே வேண்டாம். "எங்ககூடப் படிச்ச கஸ்பர், அவரு அப்பா செத்து படிப்பைப் பாதியில விட்டுட்டுப் போனப்போ, பஸ் வரைக்கும் பெட்டி தூக்கிட்டுப் போனவருங்க மாமா. வேலையும் வீடும் போச்சுன்னா அவரு குடும்பம் எங்க போகும்?"

விடுமுறைக் காலம். மூவரும் போய்ச் சேர்ந்தபோது கல்லூரி வளவு வெறிச்சென்றிருந்தது. காவலாளி வீட்டு வாசலில் பாத்திரங்கள் மூட்டை கட்டிக் கிடந்தன. பத்திநாதன் அண்ணாந்து, பித்தளை மணிக்குள் விரலை விட்டு நாக்கு தொங்கிய கொக்கியைத் தடவினார். விரலில் புது கிறீஸ். அதில் பழுப்பு நிறத்தில் பஞ்சு போன்ற தூள்.

"மணிக்கு யாரு எண்ணெய் போடுறது?"

"பெரிய ஐயாதான் ஆள் வச்சிருக்காருன்னு நெனச்சேங்க," என்றார் செல்லசாமி. "வருசா வருசம் கல்லூரி நாளுக்கு முன்னாடி புதுசாட்டம் ஆயிடும்."

"நான் ஒருத்தரையும் வைக்கேல்லை," என்றார் அதிபர்.

"கல்லூரி நாள் எப்பவும் இந்த வாரந்தானா?"

"இல்லை. வழமையா வருசப் பிறப்புக்குப் பிறகு. இந்த முறை ஒரு கிழமை முந்தி வைச்சிட்டம். படிச்சு முடிச்ச பழைய மாணவருக்கெல்லாம் கடிதம் போட்டாச்சு."

பத்திநாதன் எல்லோரையும் மணியடியில் கூட்டினார்.

"களவாணி பித்தளை மணியை விட்டுட்டு இரும்பு நாக்கை எடுப்பானா? எடுத்த எடத்துல கிறீஸ் பூசுவானா? எடுத்தவரு திருப்பி மாட்டத்தான் எடுத்தாரு. ஒட்டியிருக்கிறது தேயிலைப் பஞ்சு. தேயிலை அரைக்கிற ஸ்டோருல மெசின் பக்கம் நிக்கிறவங்க சட்டையில பார்க்கலாம். கல்லூரி நாளுக்காக வருசா வருசம் வர்றவருக்குத் தேதி மாறினது தெரியல. ஏன்னா நீங்க அவருக்குக் கடிதம் போடல. இங்க படிச்சவரு சார், ஆனா படிச்சு முடிக்காதவரு."

டோரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். "கஸ்பர்! டயகமத் தோட்டத்து ஸ்டோருல மெசின் பிட்டரா இருக்காரு."

உடனே காரில் போனார்கள். கஸ்பர், சுத்தமான சாக்கில் சுற்றிய நாக்கை எடுத்துவந்தார்.

"தேஞ்சிருந்துச்சுங்க சார். வெல்டு வச்சு எடுத்தாந்துடலாம்னு இருந்தேன். அப்பா செத்தப்பறம் அம்மாவுக்கு மாசாமாசம் காசு குடுத்து, எனக்கு இந்த வேலையையும் பிடிச்சுத் தந்தது கல்லூரி. முடிக்காதவன் மணியை அடிக்கக் கூடாது. தொட்டுத் துடைக்கவாவது செய்யலாமேன்னு..."

"நாளைக்குத்தான் கல்லூரி நாள், விடிய முதல் கொண்டு வாரும்," என்றார் அதிபர். திரும்பி வந்ததும் நேரே காவலாளி வீட்டுக்குப் போய், மனைவி மக்கள் முன்னாலேயே செல்லசாமியிடம் மன்னிப்புக் கேட்டார். மூட்டையை அவிழ்க்க டோரீனும் கைகொடுத்தாள்.

மறுநாள் காலை நாக்கை மாட்டிவிட்டு நகரப்போன கஸ்பரின் கையில் அதிபர் கயிற்றைக் கொடுத்தார். "முதல் அடி உம்மடை. இத்தனை வருசம் எங்கடை மணியைப் பார்த்ததுக்கு நன்றி, தம்பி."

கஸ்பர் தயங்கினார்.

"அடிங்க தம்பி," என்றார் செல்லசாமி. "ஒங்களால ஒரு நாள் முழுக்க நான் களவாணியா இருந்திருக்கேன். அதுக்காகவாவது அடிங்க."

கஸ்பர் சிரித்தார், அழுதார், ஒருதரம் அடித்தார். அதன் பிறகும் கயிற்றை விட அவருக்கு மனம் வரவில்லை. பின்னால் வரிசையில் நின்ற யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.