கோமேதகாவின் கடைசிக் கட்டம்

காலை எட்டு மணிக்கு உயிர்ப்பகத்தின் கதவைத் திறந்ததும் ஜெசிந்தா செய்கிற முதல் வேலை, மூன்று கோமேதகாக்களுக்கும் வணக்கம் சொல்வது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று விதியேதும் இல்லை. ஆனால் ஓர் அறையில் மூன்று பேர் விழித்திருக்கும்போது, பார்க்காத மாதிரி போய் நாற்காலியில் உட்கார அவளுக்கு மனசு வராது.

அன்றும் சொன்னாள். வலது திரையில் இருந்த மூன்றாமவள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, "நான் தயார்" என்றாள். நடுத்திரையில் இருந்த இரண்டாமவள் வலி தாங்காமல் தலையை மட்டும் அசைத்தாள். இடது திரையில், நாற்காலியோடு சேர்த்துக் கைகள் கட்டப்பட்டிருந்த முதலாமவள் மரியாதையாக வணக்கம் சொன்னாள்.

"தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், என் கண்மேல் விழும் இந்த முடியைச் சற்று ஒதுக்கிவிட முடியுமா?"

பன்னிரண்டு நாளாக இதே கேள்வி. "முடியாதும்மா. மன்னிச்சுக்கோங்க" என்று பன்னிரண்டு நாளாக அதே பதில்.

"இவ என்னக்கா, பேச்சுப் போட்டிக்கு வந்த மாதிரியே பேசுதா" என்றான் இசக்கியப்பன். திரைகளையும் தொடர்புகளையும் பார்த்துக்கொள்கிற ஆள் அவன். ஜெசிந்தாவோடு ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். வாய் கொஞ்சம் அதிகம், மனசு தங்கம்.

"அந்தக் காலத்துப் படக்கதையில எல்லாரும் இப்படித்தான் பேசியிருக்காவ. திருடன்கூட இலக்கணம் தப்பாமத்தான் திருடுவான்."

அச்சுப் படக்கதையில் வரையப்பட்டு, திரையில் விழிக்கச் செய்யப்பட்டவர்களுக்கு எழுபடம் என்று பெயர்; அதைச் செய்கிற இடம் உயிர்ப்பகம். ஒரு காலத்தில் இது வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு யாருடைய முகத்தையும் யாருடைய குரலையும் எவனும் உருவாக்கிவிடலாம் என்று ஆனது. 2081 வெள்ளத்தில், வீட்டைவிட்டுக் கிளம்புங்கள் என்று கலெக்டரே திரையில் கெஞ்சினார். இது போலி என்று சொல்லிவிட்டு ஜனங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அதன் பிறகுதான் அரசாங்கத்துக்கு உறைத்தது. காகிதத்தில் எப்போதோ அச்சாகி, ஒவ்வொரு கட்டமும் பதிவான ஒருத்தியை யாராலும் போலி செய்ய முடியாது. சின்ன வயதில் படித்த முகம் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள். அன்றிலிருந்து மாவட்டத்துக்கு ஒரு காவல் எழுபடம், ஆபத்து நேரத்தில் ஜனங்களோடு பேச.

எழுபடச் சட்டத்தின் முதல் விதி சின்னது. வரையாததைச் சேர்க்கக் கூடாது. ஒரு கோடு, ஒரு சொல் சேர்த்தாலும் வேலை போகும், ஜெயிலும் உண்டு. அதனால் எழுபடத்துக்குத் தெரிந்ததெல்லாம் அதன் கட்டங்களில் நடந்தது மட்டும்தான். விழிப்பதும் கடைசிக் கட்டத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான்.

தூத்துக்குடி மாவட்டம் கோமேதகாவைக் கேட்டது. சிக்கல் என்னவென்றால், எழுபது வருஷத்தில் மூன்று தலைமுறை ஓவியர்கள் அவளை வரைந்திருந்தார்கள். மூன்றும் மூன்று பெண்கள். ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்ளலாம்; மற்ற இருவரும் நிரந்தரமாக மூடப்படுவார்கள். யார் என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் ஜெசிந்தா. கெடு இன்று மாலை ஐந்து மணி.

அவள் முடிவு பண்ணி நாளாகிவிட்டது. படிவத்தில் 'மூன்றாம் வடிவம், 2034' என்று எழுதியும் வைத்திருந்தாள். பத்து வயதில், பழைய பிரதிகளில், அவள் படித்தது அந்தக் கோமேதகாவைத்தான். தொள்ளாயிரம் கட்டங்களில் ஒரு தடவைகூடத் தோற்காதவள். பாலத்தைத் தூக்கிப் பிடித்தவள். எந்த ஆணுக்காகவும் காத்திருக்காதவள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் வழிமறித்தால், இடுப்பில் கை வைத்து அவளைப் போலவே நிற்க ஜெசிந்தா பழகியிருந்தாள்.

இரண்டாமவள் 1990-களின் ஆள். அவள் கையில் துப்பாக்கி இருந்தது, உடம்பில் துணிதான் குறைவு. முன்னழகும் பின்னழகும் ஒரே கட்டத்தில் தெரிய வேண்டும் என்று வரைந்தவர்கள் ஆசைப்பட்டார்கள். முதுகெலும்பு என்று ஒன்று இருப்பதை மறந்துபோனார்கள். பாவம், விழித்த நாளிலிருந்து வலி. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும்.

முதலாமவளை நினைத்தால் ஜெசிந்தாவுக்கு வெட்கமாக இருக்கும். 1964 முதல் 1983 வரை வந்த தொடர். பெயர் என்னவோ 'சாகசக் குமரி கோமேதகா'. செய்த சாகசம், வில்லனிடம் மாட்டிக்கொள்வது. துப்பறிவாளர் உதயசங்கர் வருகிறவரை கட்டுண்டு கிடப்பாள். இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்களில் கயிறு. கடைசிக் கதை பாதியில் இருக்கும்போது பத்திரிகை நின்றுபோனது. உதயசங்கர் வரவே இல்லை. அவள் நாற்காலியோடு அப்படியே தங்கிவிட்டாள்.

மழை நாலு நாளாக விடவில்லை. சோதனைக்காக மாவட்ட உதவி அழைப்புகளை மூன்றாமவளுக்கு விட்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண் அழைத்தாள். பெயர் சுடர்க்கொடி. மீன் குளிர்க்கிடங்கில் வேலை. சுவர் சரிந்து இரும்பு ரேக் அவள் கால்மேல் விழுந்திருந்தது. தண்ணீர் முழங்கால் வரை. பாலம் உடைந்ததால் மீட்புப் படை சுற்றி வர வேண்டும். நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"எழுந்திரு. உன் பலம் உனக்குள்ளே இருக்கு" என்றாள் மூன்றாமவள்.

"கால் வரமாட்டேங்குது."

"வரும். இழு. பயத்தை உதறு."

அவள் இழுத்திருக்கிறாள். அலறல் கேட்டது. பிறகு, "ரத்தம் வருது" என்றாள்.

"வலி ஒண்ணுமில்ல. மறுபடி இழு."

"என்னால முடியாது. நான் உங்கள மாதிரி இல்ல. வச்சிருதேன்."

தொள்ளாயிரம் கட்டங்களில் கோமேதகாவால் தூக்க முடியாத பொருள் ஒன்றுகூட வரையப்படவில்லை. முடியாது என்கிற சொல்லுக்கு அவளிடம் பதிலும் இல்லை. அவள் மோசமானவள் இல்லை. அவளுக்கு அதைத் தவிர வேறெதுவும் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

"மாத்துடா இசக்கி" என்றாள் ஜெசிந்தா.

"ரெண்டாமவளால பேச முடியாதேக்கா."

"மொதலாமவளுக்கு மாத்து."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு மாற்றினான்.

"மகளே, போனை வைத்துவிடாதே" என்றது இடது திரை. "காலை இழுக்காதே. இழுக்க இழுக்கக் கட்டு இன்னும் இறுகும். எனக்குத் தெரியும்."

மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"விரல்களை அசைக்க முடிகிறதா? முதலில் கட்டை விரல். மெதுவாக."

"அசையுது."

"நல்லது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அசைத்துவிடு. இல்லையென்றால் மரத்துப்போகும். கையில் துணி ஏதாவது இருக்கிறதா?"

துப்பட்டா இருந்தது. எங்கே கட்ட வேண்டும், எவ்வளவு இறுக்கலாம் என்று கோமேதகா சொன்னாள். கட்டு எந்த இடத்தில் எப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு அந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"அக்கா, யாராவது வருவாவளா?"

"வருவார்கள். எப்போது என்று எனக்குத் தெரியாது. அதுவரை நான் இங்கேயே இருப்பேன். என்னாலும் வேறெங்கும் போக முடியாது."

அங்கிருந்து அழுகை கேட்டது. அழாதே என்று கோமேதகா சொல்லவில்லை. "அழு. ஆனால் வாயால் மூச்சு விடாதே, குளிர் உள்ளே போகும்" என்றாள். இருட்டுக் கிடங்குகளில் தான் என்ன செய்வேன் என்று சொன்னாள்: கண்ணுக்குத் தெரிகிற பொருள்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைப்பாளாம். சுடர்க்கொடி ஐஸ் பெட்டிகளுக்குத் தன் சித்திமார் பெயரை வைத்தாள். நடுவில் ஒருமுறை சிரிப்புக்கூடக் கேட்டது. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது இருவரும் வேறு பேச்சை விட்டுவிட்டார்கள். இருக்கிறேன், இருக்கிறேன் என்று மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு ஆட்கள் கதவை உடைக்கிற சத்தம் கேட்டது. தொடர்பு அறுந்தது. ஐந்து நிமிஷம் கழித்து மீட்புப் படையிலிருந்து செய்தி வந்தது. உயிரோடு எடுத்துவிட்டார்கள், காலும் தப்பும். இசக்கியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி யோசிக்க என்னக்கா இருக்கு, இவளப் போடுங்க" என்றான்.

ஜெசிந்தா படிவத்தை எடுத்தாள். பழைய வரியை அடித்தாள். 'முதலாம் வடிவம்' என்று எழுதப் போனவள் நிமிர்ந்து இடது திரையைப் பார்த்தாள். முடி கண்மேல் விழுந்து கிடந்தது.

"நான் கையெழுத்துப் போட்டா இவ எத்தன வருசம் இப்படியே கட்டுண்டு இருப்பா இசக்கி?"

"இந்த மாவட்டம் இருக்கிற வரைக்கும்."

"பிரயோசனமா இருக்கான்னு கட்டியே வச்சிருக்கதா? அன்னைக்குப் பத்திரிகை விக்கிறதுக்காகக் கட்டினான். நாம ஊர் நல்லா இருக்கணும்னு கட்டுதோம். கயிறு ஒண்ணுதான்."

ஜெசிந்தா எழுந்து இடது திரையின் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, உங்களக் காவல் எழுபடமா வைக்கலாம்னு நினைக்கோம். உங்களுக்குச் சம்மதமா?"

"என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றாள் கோமேதகா. பிறகு, "உதயசங்கர் வந்தபிறகு அவரையும் கேட்டுவிடலாமே?"

கதை நின்றுபோனதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று பன்னிரண்டு நாளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அவர் வரமாட்டார்மா. கதையைப் பாதியில நிறுத்திட்டாங்க" என்றாள் ஜெசிந்தா.

"எவ்வளவு காலமாயிற்று?"

"நூத்தி இருபத்தாறு வருசம்."

கோமேதகா தலை குனிந்தாள். அழுகிறாளா என்று ஜெசிந்தா பார்த்தாள். அவள் நிமிர்ந்து, "அந்தப் பெண்ணுக்கு ஆள் வந்துவிட்டது அல்லவா? நான் அவளிடம் பொய் சொல்லவில்லையே?" என்று கேட்டாள்.

"வந்துட்டாங்க. நல்லா இருக்கா."

"அப்படியானால் நான் இருக்கிறேன்."

இருக்கிறேன் என்றாள், விடுங்கள் என்று கேட்கவில்லை. அதுதான் ஜெசிந்தாவைச் சுட்டது. அலமாரியைத் திறந்து மூலத்தாள்களை எடுத்தாள். சிவகாசிப் பட்டறையில் வரைந்த பழைய தாள்கள். அவற்றைச் சரிபார்ப்பதுதான் அவளுடைய தொழில். எங்கே எல்லாம் வெள்ளை பூசியிருக்கிறார்கள் என்று அவளுக்கு அத்துப்படி. அந்தக் காலத்தில் பத்திரிகை ஆபீசில் ஒரு வெள்ளை மைப் புட்டி எப்போதும் இருக்கும். தொப்புள் தெரிந்தால் வெள்ளை. கோமேதகா கொஞ்சம் ஓங்கி அறைந்தால், பெண் பிள்ளை இப்படி அடிக்கலாமா என்று அந்தக் கைக்கும் வெள்ளை.

"சட்டத்துல என்ன இருக்கு இசக்கி? முழுசாச் சொல்லு."

"வரையாததைச் சேர்க்கக் கூடாது."

"அழிக்கக் கூடாதுன்னு இருக்கா?"

அவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினான். "இல்லக்கா. யாருக்கும் தோணல போல. ஆனா உங்க வேலைக்கு உலை வச்சிருவாங்க."

"வைக்கட்டும்."

புதுப் புட்டியும் மெல்லிய தூரிகையும் எடுத்து வந்து உட்கார்ந்தாள். "அம்மா, இருநூத்திப் பன்னிரண்டு கயித்தையும் எடுத்துரட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் கோமேதகா. "மற்றவை எனக்கு நடந்தவை. அவை இல்லையென்றால் அந்தப் பெண்ணிடம் என்ன பேசியிருப்பேன்? கடைசிக் கட்டம் மட்டும் போதும்."

ஜெசிந்தா கயிற்றின் மேல் வெள்ளை பூசினாள். கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி சிந்தாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினாள். கயிற்றுக்கு அடியில் ஓவியர் மணிக்கட்டை வரைந்திருக்கவில்லை. அங்கே வெறும் வெள்ளை மிஞ்சியது. அதில் கோடு இழுக்க அவளுக்கு உரிமை இல்லை, இழுக்கவும் இல்லை. பதிவேட்டில், 'கடைசிக் கட்டத்தில் கயிறு அழிக்கப்பட்டது' என்று எழுதி, கீழே முழுப் பெயரும் தேதியும் போட்டாள். படிவத்திலும் கையெழுத்திட்டாள். மூன்றாமவளின் திரை அணைவதற்கு முன்னால் அவள் முன் போய், பத்து வயதில் நின்ற மாதிரி இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் நின்றாள். அவளும் அதே மாதிரி நின்றாள். இரண்டாமவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் வலி இல்லை. ஜெசிந்தா இருவருக்கும் கை கூப்பினாள்.

இசக்கியப்பன் தாளை மறுபடி படியெடுத்து ஏற்றினான்.

இடது திரையில் கோமேதகா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைகள் நாற்காலிக் கைகளின் மேல் சும்மா கிடந்தன. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு கையிலும் விரலகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. அவள் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் அடுத்த அழைப்பு ஒலித்தது.

அவள் வலது கையை மெல்ல உயர்த்தி, கண்மேல் கிடந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

"சொல்லுங்கள்" என்றாள். "நான் இருக்கிறேன்."