வாய் மட்டும்

ஷாட் முடிந்தால் தளத்தில் ஒரு இரைச்சல் கிளம்பும். நாற்காலிகள் உருளும், அடக்கிவைத்த இருமல்களெல்லாம் ஒன்றாக வெளியே வரும், எவனாவது அசட்டுச் சிரிப்புச் சிரிப்பான். டைரக்டருக்கு அந்த இரைச்சலைக் கேட்டாலே ஆகாது. அன்றைக்கு அது வரவில்லை.

அவன் அதைக் கவனிக்கவும் இல்லை. ஆபீஸ் மேனேஜரின் கண்ணாடி அறையை வளைத்துப் போட்டுக்கொண்டு, ஏசி காற்றில் காலை நீட்டி, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, செல்போனில் தன் பழைய பேட்டியைத் தானே பார்த்து ரசித்துக்கொண்டிருந்தான். பேட்டியில் அவன் கலையைப் பற்றிப் பேசியிருந்தான்.

கலை என்று அவன் சொன்னது டிவியில் வரும் திகில் தொடரை. இந்த எபிசோடில், செத்துப்போன குமாஸ்தா ஒருவன் ஆபீசுக்குத் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து கத்தோ கத்தென்று கத்துவான், யார் காதிலும் விழாது. விடுமுறை நாளில் நிஜ ஆபீஸ் ஒன்றைப் பேசிக் கொடுத்தவள் அவனுடைய அக்கா. அங்கேதான் அவளுக்கு வேலை. ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிப் பகலை ராத்திரியாக்கி, அவளையும் அவளோடு வேலை செய்கிறவர்களையுமே பின்னணியில் உட்காரவைத்திருந்தார்கள்.

பின்னணியில் இருப்பவர்கள் பேசுவதுபோல வாயை மட்டும் அசைக்க வேண்டும். சத்தம் வந்தால் நடிகரின் வசனம் கெட்டுப்போகும். இது எங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் அதை அவன் மைக்கில் சொன்ன விதம் இருக்கிறதே!

"வாய் மட்டும் அசையட்டும். உங்க சத்தம் யாருக்கு வேணும்?"

அக்காவும்தான் அதைக் கேட்டாள். அம்மா போன பிறகு அவனுக்குத் தலைசீவி, சாப்பாடு ஊட்டி ஆளாக்கியவள். அவனுக்கென்று உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள். அவள் பேச வாயெடுத்தால் இந்தப் பெரிய மனிதன் செல்போனை எடுத்துவிடுவான்.

"ஆக்‌ஷன்" மட்டும்தான் அவன் சொல்வான். "கட்" சொல்வது அவனுக்கு அடுத்தபடியான அசோசியேட் டைரக்டரின் வேலை. அதற்கெல்லாம் தொண்டையைச் செலவழிப்பது தன் தகுதிக்குக் குறைச்சல் என்று அவன் நினைப்பு. சாப்பாட்டு நேரம் தாண்டியதும் அசோசியேட், "சார், காலையிலேர்ந்து இவங்க எழுந்திருக்கவே இல்ல, கொஞ்சம் விடலாமே" என்று கேட்டுவிட்டார். எல்லார் முன்னாலும் அவரை வெளியே போகச் சொன்னான். பிறகு அடுத்த ஷாட். குமாஸ்தாவின் நாற்காலி நடுவில் காலியாகக் கிடக்க, சுற்றிலும் ஆபீஸ் இயங்க வேண்டும். மைக்கில் ஆக்‌ஷன் சொன்னான். கட் சொல்லத்தான் ஆளில்லை.

பேட்டி முடிந்ததும் ஹெட்போனை மாட்டினான். உள்ளே எதுவும் இல்லை. ஏசியின் முனகல் இல்லை, துணி உரசும் ஓசை இல்லை, மனிதர்கள் நிறைந்த அறையில் எப்போதும் இருக்கும் அந்த மூச்சுச் சத்தம்கூட இல்லை. கண்ணாடிக்கு அப்பால் எல்லா வாய்களும் அசைந்துகொண்டிருந்தன.

கிண்டல் பண்ணுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். குமாஸ்தாக் கூட்டத்துக்கு இவ்வளவு திமிரா என்று எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மைக்கை அழுத்தி, "போதும், நிறுத்துங்க" என்றான். ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

விளக்குச் சூட்டில் பிளாஸ்டிக் வேகும் நாற்றம். வியர்வை. கீபோர்டுகளின் மேல் விரல்கள் ஓடின, தட்டும் ஓசை வரவில்லை. ஒரு பெண்ணின் மேஜையில் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து தரையில் சொட்டியது. அதற்கும் ஓசை இல்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்து உதட்டோரம் வந்து நின்றது. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

கேமராமேனைத் திட்டலாம் என்று திரும்பினான். கேமராமேனின் வாயும் அசைந்தது. ஓரத்தில் ஹெட்போனோடு நின்ற சவுண்டுக்காரரின் வாயும். அவர்களை யாரும் நடிக்கச் சொல்லவில்லை.

அப்போதுதான் அவனுக்கு அக்காவின் நினைப்பு வந்தது. இவ்வளவு நேரம் கழித்து.

காலி நாற்காலிக்குப் பக்கத்து மேஜையில் இருந்தாள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவள் கத்திக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தோளைத் தொட்டான். குலுக்கினான். அவள் கண் கண்ணாடி அறையை விட்டு நகரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. குனிந்து பார்த்தான். புரியவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தான். அவள் முகத்துக்கு நேராக இருந்தால் உதட்டைப் படிக்கலாம்.

காலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்துபோன சூடு.

எழ முயன்றான். இடுப்பு கேட்கவில்லை. "அக்கா" என்றான். வாய் அசைந்தது. அவ்வளவுதான்.

வாசல் கதவு திறந்தது. வராந்தாவிலேயே காத்திருந்த அசோசியேட் எட்டிப் பார்த்தார். தயங்கினார்.

"கட்" என்றார்.

இரைச்சல் கிளம்பியது. நாற்காலிகள் உருண்டன, இருமினார்கள், யாரோ விசும்பினார்கள். அக்கா தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். அசோசியேட் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

"இந்த நாற்காலியப் பாத்ததுலேர்ந்து என்னமோ பயம். இங்க வராதடா, வராதடான்னு தம்பியப் பாத்து அவ்வளவு கத்துறேன், குரலே வரல" என்றாள். கண்ணாடி அறை காலியாக இருந்தது. "நல்லவேளை, வரல."

"சொல்லாமப் போயிட்டார் போல. அவர் வழக்கந்தானே" என்றார் அசோசியேட்.

டைரக்டர் அவர்களுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தான். கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான்.

சவுண்டுக்காரர் பதிவை ஓட்டிக் கேட்டுவிட்டு, டேக் சுத்தம், ஒரு சத்தம் இல்லை என்றார்.

ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அக்கா கடைசி. பையை மாட்டிக்கொண்டாள். தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன் செய்கிற பழக்கத்தில், பக்கத்து நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளினாள். ஏனோ கனமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அவன் மார்பு மேஜை விளிம்பில் பதிந்தது, அவள் கை அவன் தோள்மேல் இருந்தது, அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது.

விளக்கை அணைத்தாள்.