வேரில் தேய்க்கும் தூள்

விரல் கணுக்கள் விண்விண்ணென்று தெறித்தன. நாளெல்லாம் ஈர மண்ணைப் பிசைகிற கைக்கு அது வழக்கம்தான். வழக்கமில்லாதது வேறு. தகரக் கூரை அப்படிக் காய்ந்தும், பொழுது சாயும்வரை அவளுக்குத் தாகமே எடுக்கவில்லை. தண்ணீர் பாட்டில் திறக்காமலே கிடந்தது.

செடிப் பண்ணையில் இன்றோடு சரி. நாளை முதல் தையல் கடை. அலுவலக வாசல்களில் நின்று மினுக்கப்போகும் இந்தத் தொட்டிச் செடிகளுக்கு இனி ஊழியம் செய்ய வேண்டாம். முதலாளி மூஞ்சியிலும் விழிக்க வேண்டாம். பூஞ்சைத் தூளைக் கரண்டியால் அளந்து கொடுப்பதால் அவனுக்குக் கரண்டி என்றே பெயர். கையுறை போட்டால் தூள் அதில் ஒட்டி வீணாகுமாம். வெடித்த வெறுங்கையால்தான் வேரில் தேய்க்க வேண்டும்.

"பூஞ்சை வேருக்குத் தண்ணி உறிஞ்சிக் குடுக்கும். வேர் பதிலுக்குச் சர்க்கரை குடுக்கும். உங்கள மாதிரி ஓசிச் சோறு திங்காது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"இவன் வீட்டுல சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு போட்டிருப்பான்" என்றாள், பக்கத்தில் வேலை செய்த அண்ணி.

கடைசித் தொட்டி. வேர்களுக்குள் கைவிட்டுத் தேய்த்தாள். ஊறிப்போன மரக்கட்டையின் வாடை மண்ணிலிருந்து கிளம்பி மூக்கில் ஏறி, அவள் மூச்சிலிருந்தே வருவதுபோலத் தொண்டையில் தங்கியது. எங்கோ நீர் சொட்டியது. குழாய் மூடித்தான் இருந்தது. காதைத் தீட்டினாள். சொட்டு அவள் மணிக்கட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

கையை இழுத்தாள். வரவில்லை.

"அண்ணி, கை சிக்கிக்கிச்சு."

"வேர்ல மாட்டியிருக்கும். ஆட்டி இழுடி."

அண்ணியே மண்ணை விலக்கினாள். விரல் வெடிப்புகளிலிருந்து வெள்ளை இழைகள். தையல் நூலைவிட மெலிசு. அண்ணி ஒன்றை அறுத்தாள். இவளுக்குப் பல்வரை வலித்தது. அந்தத் தொட்டியோடு ஒரே ஈர மணல்மேல் நின்ற அத்தனை தொட்டிகளிலும் இலைகள் சிலிர்த்தன.

கரண்டி ஓடிவந்தான். குனிந்தான். இலையைத்தான் பார்த்தான்.

"பூஞ்சைக்கொல்லி ஊத்துங்க சார்! கை போயிடும் சார்!" அவள் கெஞ்சினாள்.

"கொல்லி ஊத்தினா என் தூளு மொத்தமும் செத்துடும். காலையில லோடு போகணும்."

"நீயெல்லாம் மனுசனாடா? சாவியக் குடு!" அண்ணி கத்தினாள்.

மருந்து அறையின் சாவி அவன் இடுப்பிலேயே இருந்தது. அவன் பூவாளியை எடுத்தான். தொட்டியில் தண்ணீர் விட்டான்.

அவள் தொண்டை குளிர்ந்தது.

முழங்கை. தோள். தோலுக்கடியில் வெள்ளைக் கோடுகள். முழங்கால் மடிந்தது. கண் இருட்டியது. தையல் கடை. நாளைக்கு. கை வேண்டும். வாய் திறந்தாள். சத்தமில்லை. முகத்துக்கு நேரே ஒரு தளிர், நாக்கு நிறத்தில், நிதானமாகச் சுருள் பிரித்தது.

அவள் உடம்பு உறிஞ்சிய தண்ணீருக்கு அவள் தரவேண்டிய சர்க்கரை இன்னும் பாக்கி.