நடுங்கும் கைக்கு ஒரு பிடி

அந்த அம்மா கத்தியை ஒரு துவாலையில் சுற்றி எடுத்து வந்தார். மழை விட்டிருந்த பிற்பகல் அது. என் பட்டறை என்பது வீட்டின் பின்பக்கத்து அறைதான். பழைய சவரக்கத்திகளைத் துரு எடுத்து, தீட்டி, புதுப் பிடி போட்டுக் கொடுக்கிறேன். முகம் நிறையத் தாடி வைத்துக்கொண்டு இந்த வேலை செய்கிறேனே என்று வருகிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை.

மடக்குக் கத்தி. நல்ல எஃகு. முதுகில் மட்டும் துரு புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தது. பிடி என்பது இரண்டு கொம்புத் தகடுகள், அவற்றின் நடுவேதான் அலகு மடங்கிப் படுக்கும். ஒன்று விரிசல் விட்டிருந்தது. இன்னொன்றைப் பூச்சி அரித்திருந்தது. அலகின் விளிம்பில் காய்ந்த ரத்தம்.

"வீட்டுக்காரரோடது. அவருக்குக் கை நடுங்கும். பிடி வழுக்கி தினமும் கன்னத்தைக் கிழிச்சுக்கறாரு. கைக்குள்ள அடங்கற மாதிரி வேற பிடி போட்டுத் தாங்க" என்றார்.

கடையில் ஆபத்தில்லாத ரேசர் கிடைக்கிறதே, இல்லாவிட்டால் நீங்களே மழித்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரர் யாரையும் தொட விடமாட்டார், அப்படி ஒரு வீம்பு என்றார். சொல்லும்போது துவாலையை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

நடுங்குகிற கைக்குப் பிடி செய்ய அந்தக் கையைப் பார்க்க வேண்டும். அவரால் வர முடியாது என்றதால், இளக்கிய மெழுகு உருண்டை ஒன்றைக் கொடுத்தேன். கத்தியைப் பிடிக்கிற மாதிரியே இதை ஒருமுறை பிடிக்கச் சொல்லுங்கள் என்றேன்.

மறுநாளே கொண்டுவந்தார். பெரிய கை. விரல் பதிந்த ஒவ்வொரு பள்ளத்தின் ஓரமும் ஒற்றைக் கோடாக இல்லை. கல் விழுந்த குளம்போல அலை அலையாக இருந்தது. பிடித்திருந்த நேரமெல்லாம் அந்தக் கை நடுங்கியிருக்கிறது. பெருவிரல் பள்ளத்தில் ஒரு நரைமுடித் துணுக்கு ஒட்டியிருந்தது. வெயிலில் நடந்து வந்தவரின் பையிலிருந்து எடுத்த மெழுகு, தொட்டதும் என் விரல் விறைக்கும்படி சில்லிட்டிருந்தது.

நான் வேலையில் இறங்கினேன். எண்ணெயும் மிக மெல்லிய உப்புத்தாளும் கொண்டு துருவை எடுத்தேன். அந்த மெழுகை முன்னால் வைத்துக்கொண்டு அட்டையில் வடிவம் வரைந்தேன், அழித்தேன், மறுபடி வரைந்தேன். நடுவில் சற்றே தொப்பை, சுண்டுவிரலுக்கு ஒரு குழிவு. கனம் இருந்தால் நடுக்கம் அடங்கும் என்று தகடுகளுக்கு நடுவே வால்பக்கத்தில் செருகும் ஆப்பில் கொஞ்சம் ஈயம் சேர்த்தேன். கறுத்த மரத்தில் இரண்டு தகடுகளையும் அறுத்து இடுக்கியில் மாட்டியபோது, மரம் அதிர்வதுபோல இருந்தது. தெருவில் லாரி போகிறது என்று நினைத்தேன்.

எட்டிப் பார்த்தேன்.

தெருவில் ஒன்றுமே இல்லை.

கடைசி ஆணியை இறுக்கும் முன் உங்கள் வீட்டுக்காரர் கையில் ஒருமுறை கொடுத்துப் பார்க்க வேண்டும், நானே வீட்டுக்கு வருகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டார். பிறகு, "விடியறப்போ வாங்க" என்றார்.

வீடு மாடியில் இருந்தது. குறுகலான படிக்கட்டு. உள்ளே ஒரே சோப்பு வாசனை. நடையின் கோடியில் குளியலறை, அங்கே விளக்கு எரியவில்லை. அந்த அம்மா கத்தியை வாங்கி, கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி வெளியே நின்றுகொண்டார். வீட்டுக்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லையா என்று கேட்டேன்.

"அவர் போன கோடையிலயே தவறிட்டாருங்க."

சொல்லிவிட்டு, உதட்டில் விரல் வைத்தார்.

உள்ளே குழாய் திறந்தது.

தண்ணீர் விழும் சத்தம். சோப்பில் தூரிகை சுழலும் சத்தம். என் கால்கள் படிக்கட்டைத் தேடின. ஆனால் அந்த அம்மா கதவில் கன்னத்தை வைத்து நின்றிருந்த விதத்தைப் பார்த்தபின் நகர முடியவில்லை.

கத்தி தோலில் இறங்கும் சத்தம் கேட்டது.

முதலில் தடுமாறியது, நின்றது. பிறகு ஒரே சீராக, நீளமாக ஒரு இழுப்பு. இன்னொன்று.

"வலிக்குதாங்க?" என்று கதவிடம் கிசுகிசுத்தார்.

குழாய் நின்றது.

கதவைத் திறந்தபோது கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கத்தி ஈரமாக, மடக்கியபடி தட்டில் இருந்தது. உள்ளே யாரும் இல்லை. அந்த அம்மா கைகழுவும் தொட்டியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"ரத்தமே இல்ல" என்றார். சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையானது.

கடைசி ஆணியை அங்கேயே இறுக்கிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பி என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எப்போதும் என்னைக் கிண்டல் செய்கிறவள், அன்று வேலையை விட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சில நாட்கள் கழித்து, நல்ல வெயில் நேரத்தில் அந்த அம்மா வந்தார். மிகவும் இளைத்துப் போயிருந்தார். கத்தியை மேசைமேல் வைத்தார்.

"அன்னியோட சரி. குழாய் சத்தமும் கேக்கல. முன்னெல்லாம் நான் தூங்கிப்போயிட்டாலும், காலைல அந்த ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தா வந்துட்டுப் போயிருக்காருன்னு தெரியும். அதைத் துடைச்சுட்டுத்தான் என் பொழுதே விடியும். இப்ப வச்ச கத்தி வச்சபடி கெடக்கு."

மேசைமேல் இருந்த கத்தியைப் பார்த்தேன். நான் செய்தவற்றிலேயே ஆக நல்ல பிடி அதுதான்.

"அந்தப் பழைய பிடியவே மாட்டிக் குடுத்துடறீங்களா?"

கொம்புத் தகடுகள் இழுப்பறையில்தான் இருந்தன. எடுத்து வைத்தேன். அவர் அந்த விரிசலை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் தள்ளிவிட்டார்.

"வேணாங்க. திரும்பவும் காயம் படும். நான் இப்படியே இருந்துக்கறேன்."

கத்தியைத் துவாலையில் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். அப்போதுதான் தண்ணீர் கொண்டுவந்த என் மனைவியின் கையிலிருந்து டம்ளர் நழுவியது.

அந்த அம்மாவின் பிடரியில், கொண்டைக்குக் கீழே, அவரால் கண்ணாடியிலும் பார்க்க முடியாத இடத்தில், வெள்ளையாக ஒரு விரல் தீற்றல்.

சோப்பு நுரை.

அவர் வீட்டிலிருந்து இங்கே நடந்து வர அரைமணி நேரமாவது ஆகும். நுரை அப்போது தடவியதுபோலப் பளபளத்தது. குமிழ்கள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன.

என் மனைவிதான் அருகில் போனாள். "அக்கா" என்று மட்டும் சொல்லி, அவர் கையைப் பிடித்து மெல்லப் பிடரிக்குக் கொண்டுபோனாள்.

அவர் தொட்டார். விரல் நுனியில் ஒட்டியதை வெகுநேரம் பார்த்தார். துடைக்கவில்லை. அந்தக் கையை முன்னால் நீட்டியபடியே, காற்றுப் பட்டுவிடாமல் மறுகையால் மறைத்துக்கொண்டு, தெருவில் இறங்கி மெதுவாக நடந்துபோனார்.