தண்ணி இஞ்சை இருக்கு

"நீர் எப்ப இஞ்சை வந்தனீர்?" என்று பேனாட் தொலைபேசியில் கேட்டபோது, வெயிலில் மனுசனுக்குப் புத்தி தடுமாறுகிறது என்றுதான் அற்புதமலர் நினைத்தாள்.

அவள் இருந்தது இத்தாலியில், பலெர்மோவின் சீசா பகுதியில், அவள் பராமரிக்கும் வயதான இத்தாலிய அம்மாவான சிஞ்ஞோராவின் வீட்டில். அவள் புருசன் இருந்தது சவூதிப் பாலைவனத்தில். ஒட்டகப் பண்ணைக்குத் தீவனம் ஏற்றிப்போன அவனுடைய பிக்கப் நேற்றுப் பாதை தவறி, அச்சுவரை மணலில் புதைந்துவிட்டது. முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். பொழுதுபட முன் வந்துவிடுவார்கள். அதுவரை அவன் வண்டியை விட்டு அசையக்கூடாது, அவ்வளவுதான். நிற்கிற வண்டியைத் தேடிப் பிடிக்கலாம். நடக்கிற மனுசனை அந்த மணலில் யார் கண்டுபிடிப்பது?

வெளியே ஷிரோக்கோ அடித்துக்கொண்டிருந்தது. கடல் தாண்டி ஆபிரிக்காவிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றுக்காக யன்னல் பலகைகளை எல்லாம் சாத்தி, நனைத்த படுக்கைவிரிப்பைக் குறுக்கே கட்டியிருந்தாள். பட்டப்பகலிலும் வீடு இருண்டு, ஈரத் துணியும் செம்மண் தூசியுமாக மணத்தது. உள்ளறையில் சிஞ்ஞோரா மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சீசாவிலை நிக்கிறன். நீங்கள் வண்டி நிழலிலைதானே இருக்கிறியள்?"

"ஓம். தண்ணி முடிஞ்சுது." வெறும் போத்தில் மணலில் விழும் சத்தம் கேட்டது. "அங்கை நிக்கிறீரெண்டால் பிறகேன் அந்த மண்மேட்டிலை நிண்டு கையைக் காட்டுறீர்?"

"அங்கை ஒருத்தரும் இல்லை. அது கானல். கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ."

யன்னல் பலகை தடதடத்தது. அங்கே அடிக்கிற காற்றும் இங்கே அடிக்கிற காற்றும் காதுக்குள் ஒன்றாகி, எது எந்த ஊர்க் காற்று என்று பிரிக்க முடியாதபடி இரைந்தன. அந்த இரைச்சலுக்குள் ஒரு குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ. தண்ணி இஞ்சை இருக்கு. வாங்கோ."

அவளுடைய குரல். சோறு ஆறுகிறது என்று அவள் கூப்பிடும் அதே சலித்த குரல். தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். உதடுகள் மூடித்தான் இருந்தன.

"அவ கூப்பிடுறா," என்றான் பேனாட். எழும்பும்போது அவன் முனகுவது கேட்டது.

"அது நான் இல்லை. நான்தான் கதைக்கிறன். இஞ்சாருங்கோ!"

"இஞ்சாருங்கோ," என்றது அங்கிருந்தும்.

இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. தான்தான் தான் என்று எப்படிக் காட்டுவது? கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் புருசன் பேரை வாயால் சொன்னதே கிடையாது. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போன பொலிஸ் கந்தோரில் புருசன் பேரைக் கேட்டபோதுகூடப் பேர் எழுதிய கடதாசியைத்தான் அதிகாரியிடம் நீட்டினாள். அவருக்குச் சிரிப்பு, இவளுக்கு வெட்கம். இப்போது உயிர் போகிற அவசரத்தில் வெட்கம் என்ன வெட்கம்.

"பேனாட்! பேனாட், அங்கை போகாதேங்கோ!"

காற்று மட்டும் கேட்டது. பிறகு அவன் குரல், தணிந்து, பயந்துபோய்.

"நீர் ஆர்?"

"நான்தான்..."

"என்ரை மனிசி ஒருநாளும் என்ரை பேர் சொல்லமாட்டா."

மணலில் காலடி. இன்னொன்று. அவன் ஓடத் தொடங்கினான். தொடர்பு அறுந்தது.

திரும்ப எடுத்தாள். இல்லை. திரும்பவும். இல்லை. தன் வாயாலேயே அவனை அனுப்பிவிட்டாள்.

தொலைபேசி அடித்தது. வீடியோ. அவனுடைய இலக்கம்தான். அழுத்தினாள்.

வெள்ளை மணல். பேனாட் முழங்காலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். வெடித்த உதட்டில் சிரிப்பு. தொலைபேசியை வேறு யாரோ உயரத்தில் பிடித்திருந்தார்கள். அவன் தோளுக்குப் பின்னால், வெகு தூரத்தில், தேடிவந்த வண்டியின் புழுதி அவன் விட்டுவந்த பிக்கப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

படத்தின் கீழிருந்து ஒரு கை நீண்டது.

தன் கை தனக்குத் தெரியாமல் போகுமா? வீங்கிய விரல். கழற்ற முடியாமல் இறுகிய கல்யாண மோதிரம்.

அந்தக் கை நிறைய மணல்.

பேனாட் அதை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக் குடித்தான். பல்லில் நறநறத்தது. கடைவாயால் வழிந்தது. விழுங்கினான்.

"இன்னும்," என்று வாயைத் திறந்தான்.