கையை விடுங்க, குகன்

"வெட்டாதீங்க... ப்ளீஸ் லா, வெட்டாதீங்க!"

குரல் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து வந்தது. ஆளைக் காணோம். ஆரஞ்சு நிறப் பாராசூட் ஒன்று முப்பது நாற்பது செடிகளை மூடிக்கொண்டு கிடந்தது. அதன் ஓரத்தில் கவாத்துக் கத்தியோடு நின்றாள் ரூபினி.

"நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து இது. நீங்க என்னடான்னா மேல படுத்து உருண்டுக்கிட்டு இருக்கீங்க!"

"உருளல மிஸ்... விழுந்துட்டேன்."

துணி அசைந்தது. ஒரு ஹெல்மெட் எட்டிப் பார்த்தது. அதன் கீழே சேறு அப்பிய முகம். அந்த முகத்தில் இரண்டு கண்கள்... வலியில் சுருங்கிக்கொண்டே சிரிப்பை அடக்கத் தெரியாமல் தவிக்கும் கண்கள். ரூபினியின் கோபம் ஒரு விநாடி வழி தவறியது. சட்டென்று அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

பிரிஞ்சாங் மலையூருக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அன்று விளையாட்டு விழா. விமானத்திலிருந்து குதிக்கும் நான்கு பேர் பந்துத் திடலில் வந்து இறங்குவார்கள் என்று மேனேஜர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று பேர் ஒழுங்காக இறங்கினார்கள். நாலாவது ஆளைக் காற்று தூக்கி வந்து ரூபினியின் சரிவில் போட்டுவிட்டது. அவள் பறிப்பு வேலையைக் கவனிக்கும் சூப்பர்வைசர். வயது இருபத்தாறு. ஆட்கள் 'சின்னக் கிராணி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சரிவில் ஒரு கிளை ஒடிந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"கயிறை வெட்டினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்," என்றாள்.

"இந்தக் கயிறுலதான் என் உயிரு தொங்குது மிஸ்."

"இந்தச் செடியிலதான் எங்க எல்லார் உயிரும் தொங்குது."

அவன் கீழே நசுங்கிய கொழுந்தைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான். "அப்ப ரெண்டையும் காப்பாத்துவோமா?"

தூறல் ஆரம்பித்தது. இருவரும் மண்டியிட்டு, கிளை கிளையாக, கயிறு கயிறாக விடுவித்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவன் பெயர் குகனேஸ்வரன், எல்லோருக்கும் குகன். ஈப்போவுக்கு அப்பால் ஒரு சின்ன விமானத்தளத்தில், குதிக்கக் கற்றுத் தரும் கிளப்பில் பயிற்சியாளன்.

"மேல இருந்து பாக்கறப்ப எங்க தோட்டம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள், நிமிராமலே.

"மேகம் மறைச்சிருச்சு. வேணும்னா நீங்களே ஒரு நாள் மேல வந்து பாருங்க..." அவன் நிறுத்தினான். கண்கள் மறுபடி சிரித்தன. "தைரியம் இருந்தா."

ரூபினியிடம் அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டாவது சனிக்கிழமையே அவள் விமானத்தளத்தில் போய் நின்றாள். வேலப்பன் மாமா கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர், அம்மாவின் தம்பி. விடியுமுன் அந்த லோரியில் ஏறிவிட்டாள். "ஈப்போல என்ன வேலை?" என்று கேட்ட மாமாவிடம், "குதிக்கப் போறேன்," என்றாள். மாமா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மாமாவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

பன்னிரண்டாயிரம் அடி. சின்ன விமானம் கிடுகிடுவென்று நடுங்கியது. அவள் முதுகை அவன் நெஞ்சோடு சேர்த்து நான்கு கொக்கிகள். கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. கால்கள் விளிம்புக்கு வெளியே தொங்கின. கீழே... கீழே என்று ஒன்றும் இல்லை.

"வேணாம்னா இப்பச் சொல்லுங்க," என்றான் காதருகே.

"பேசாம குதிங்க!"

குதித்தார்கள்.

விழுவது போலவே இல்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம். காற்று கீழேயிருந்து அவளைத் தாங்கியது, கன்னத்தைப் பிய்த்தது, அலறலை வாயிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடியது. இத்தனை வருடமும் மனதில் சுமந்த கணக்கு, கவலை, நாளைய பறிப்பு... எதுவும் அந்த வேகத்தில் கூட வரவில்லை. பாராசூட் விரிந்ததும் திடீரென்று அமைதி.

"அதோ... கிழக்குல பாருங்க. உங்க மலை."

வெள்ளை மேகத்துக்கு மேலே நீலமாக ஒரு கோடு. நகத்தளவு. அவள் பிறந்த லயன் வீடு, படித்த பள்ளி, நடந்த சரிவுகள் எல்லாம் அந்த நகத்துக்குள். ரூபினி பாதுகாப்புக் கண்ணாடிக்குள்ளேயே அழுதாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

தரையில் இறங்கியதும் அவன் கேட்டான். "எப்படி இருந்துச்சு?"

"மறுபடியும் போகணும்."

"போலாம் லா. அடுத்த மாசம்..."

"தனியா," என்றாள். "யாரோடயும் கொக்கி மாட்டாம."

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை. வேறு ஏதோ இருந்தது.

அதன் பிறகு அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பயிற்சிக் கட்டணத்துக்காக ஞாயிறுகளில் கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடையில் வேலைக்கு நின்றாள். வீட்டில் முக்காலி மேல் குப்புறப் படுத்து, இடுப்பை அழுத்தி, கை கால்களை வில்லாக வளைத்துப் பழகினாள். அம்மா உமாதேவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏண்டி, விழுந்து வெச்சா என்ன பண்ணுவே?"

"விழறதுக்குத்தான்மா போறேன்."

"அலாமாக்! இதுக்கு ஒரு பதிலு!" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சனிக்கிழமைதோறும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மட்டும் லோரிக்குத் தவறாமல் வந்தது. இரண்டு பொட்டலம். "அந்த வாத்தியாருக்கும்," என்பாள் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வாத்தியார் ரசித்துச் சாப்பிட்டான். சாப்பிடும்போது பேசினான். அவன் வாயில் 'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று இருவருக்குமே நினைவில்லை. விமானம் ஏறும்போது அவள் ஹெல்மெட் வாரை அவன் இரண்டு முறை சரிபார்ப்பான். ஒரு முறை போதும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை...

மூன்றாம் கட்டம் வந்தது. அதுவரை இரு பக்கமும் இரண்டு பயிற்சியாளர்கள் அவளைப் பிடித்தபடி கூடவே விழுந்தார்கள். இந்தக் கட்டத்தில் நடுவானில் இருவரும் கையை விட வேண்டும். அவள் தானாக நிலைத்து விழ வேண்டும். வலப்பக்கம் மகேன் விட்டான். இடப்பக்கம் குகன் விடவில்லை.

இறங்கியதும் அவளுடைய பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதினான்: 'நிலை தடுமாற்றம். மறுபடி செய்க.'

அடுத்த வாரமும் அவன் கையை விடவில்லை. அதே வரியைத்தான் எழுதினான்.

அன்று கேமராவோடு குதித்தவள் அஸ்லினா, அவளும் பயிற்சியாளர்தான். எடுத்த வீடியோவை ரூபினியிடம் காட்டினாள். திரையில் ரூபினி பாறை மாதிரி நிலையாக இருந்தாள். அவள் இடுப்புப் பட்டையில் ஒரு கை மட்டும் இறுகப் பிடித்திருந்தது.

ரூபினி நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"தடுமாறினது யாரு? நானா?"

அவன் தலையைக் குனிந்தான். "நான்தான் விடல."

"ஏன்?"

"ரூபினி... தனியா எதுக்கு? என்னோட கொக்கி மாட்டிக்கிட்டு எத்தனை தடவை வேணும்னாலும் குதிக்கலாமே..."

"கட்டித் தூக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன மூட்டையா?" அவள் குரல் உடைந்தது. உடைந்ததே அவளுக்கு அவமானமாக இருந்தது. "என் செடி மேல விழுந்தப்பகூட நான் உங்க கயிறை வெட்டல. நீங்க பொய் எழுதி என்னை வெட்டிட்டீங்க."

மூன்று வாரம் அவன் போனை அவள் எடுக்கவில்லை. மலையில் மழை விடாமல் பெய்தது. 'ஒழியட்டும்' என்று மனம் சொல்லும். 'அந்தக் கண்கள்...' என்று அதே மனம் முனகும். ஆனால் ஒன்றில் மட்டும் அவள் தெளிவாக இருந்தாள். ஒரு ஆளின் மேல் உள்ள கோபத்தில் வானத்தை விட்டுவிட மாட்டாள். முக்காலிப் பயிற்சி ஒரு நாளும் நிற்கவில்லை.

நாலாவது வாரம், பறிப்பு நடந்துகொண்டிருந்த சரிவின் கீழே ஒரு கெரேத்தா வந்து நின்றது. குகன் கார்க் கதவைச் சாத்திவிட்டு, குடையில்லாமல் ஏறி வந்தான். சட்டைக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தான். குறிப்பேடு. அது மட்டும் நனையவில்லை.

"படி," என்றான்.

பழைய இரண்டு வரிகளும் அடிக்கப்பட்டிருந்தன. கீழே புதிதாக எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தான். 'மாணவி இரு முறையும் நிலையாக இருந்தார். தவறு பயிற்சியாளருடையது.'

"கிளப்புலயும் சொல்லிட்டேன். இனி உன்னோட நான் குதிக்க மாட்டேன். மகேனும் அஸ்லினாவும் வருவாங்க. நான் கீழ ரேடியோவுல இருக்கேன்."

அவள் வரிகளை மறுபடி படித்தாள். ஒரு பயிற்சியாளன் இப்படி எழுதிக் கையெழுத்துப் போடுவது லேசான காரியமில்லை என்று அவளுக்குத் தெரியும். மழை அவன் இமைகளில் தேங்கி நின்றது.

"ஏன் விடலன்னு இன்னும் சொல்லல."

அவன் வாயைத் திறந்தான். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"வேணாம். இப்பச் சொன்னா மேல போறப்ப அதுதான் மண்டையில ஓடும். எனக்கு அங்க வேலை இருக்கு. இறங்கினப்புறம் சொல்லுங்க."

"கேப்பியா?"

"கேப்பேன்."

"கோபமாவா?"

"அது நீங்க சொல்றதைப் பொறுத்து." திரும்பிக்கொண்டாள். உதட்டோரம் தானாக வளைந்ததை அவனுக்குக் காட்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை வானம் கழுவி விட்டது போலிருந்தது. வேலப்பன் மாமாவும் லோரியை ஓரங்கட்டிவிட்டுப் பார்க்க நின்றார். கதவு திறந்தது. ரூபினி மூச்சை இழுத்தாள்; குதித்தாள்; வில்லாக வளைந்தாள். மகேன் கையை விட்டான். அஸ்லினா கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, அவளும் விட்டாள்.

இப்போது அவளை யாருமே பிடித்திருக்கவில்லை. எந்தப் பிடியும் இல்லாமல், தன் உடம்பின் ஒரே வளைவில், அத்தனை பெரிய வானத்தின் நடுவே அவள் நிலையாக விழுந்தாள். பயம் இருந்தது. அது பாட்டுக்கு ஓரமாக இருந்தது. மணிக்கட்டில் உயரம் காட்டும் முள் ஐயாயிரத்து ஐந்நூறைத் தொட்டது. விரிக்கப் போகிறேன் என்று கைகளை ஆட்டிக் காட்டினாள். இழுத்தாள்.

பாராசூட் விரிந்தது. ஹெல்மெட்டுக்குள் கரகரத்தது அவன் குரல். அவன் பேசலாம், அவளும் கிளப் ஸ்பீக்கரில் மற்றவர்களும் கேட்கலாம். அவள் பதில் சொல்ல மட்டும் வழியில்லை.

"ரூபினி... குடை நல்லா விரிஞ்சிருக்கு. இடது பக்கம் திரும்பு. போதும். அப்படியே வா..." குரல் நடுங்கியது. வார்த்தைகள் நடுங்கவில்லை. "கால் ரெண்டையும் சேர்த்துக்கோ. இன்னும் கொஞ்சம்... இப்ப ரெண்டு கயிறையும் இழு!"

புல்லில் முழங்கால் தட்டி, உருண்டு, எழுந்தாள். ரேடியோவைக் கையில் இறுக்கியபடி அவன் ஓடி வந்தான்.

"இறங்கிட்டேன்," என்றாள், மூச்சு வாங்க. "சொல்லுங்க."

"நீ விழுந்துருவேன்னு நான் பயப்படல ரூபினி. நீ நல்லாப் பறக்கறே. அதான் பயம். ஒரு தடவை தனியாப் பறந்துட்டா, அப்புறம் உனக்கு நான் எதுக்குன்னு..." அவன் ரேடியோவை இன்னும் இறுக்கினான். "எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. பிடிச்சதுனாலதான் பிடிச்ச கையை விடத் தெரியல."

காற்று அடங்கியிருந்தது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கூந்தல் முகத்தில் விழுந்தது. ஒதுக்கவில்லை.

"மேல நீங்க எனக்குத் தேவையில்லதான்," என்றாள் மெதுவாக.

அவன் முகம் வாடியது.

"கீழதான் வேணும், குகன்."

கிளப் கட்டடத்தின் பக்கமிருந்து திடீரென்று கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள். "அடிச்சே லா வாத்தியாரே!" என்று வேலப்பன் மாமாவின் குரல் தெளிவாகக் கேட்டது. குகன் கையிலிருந்த ரேடியோவைப் பார்த்தான். பேசும் பொத்தானை அவன் விரல் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

அவன் காது வரை சிவந்தான். ரூபினி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் பாராசூட்டை அள்ளித் தோளில் போட்டாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கட்டடத்தை நோக்கி வேகமாக நடந்தாள்.

"வாங்க சீக்கிரம்... அடுத்த பிளேன் எத்தனை மணிக்கு?"