சேற்றில் விட்ட வண்டி

விளையாட்டுப் பலகையில் காய்ந்து வார்னிஷ் ஏறின சேறு, மறுநாள் ஈரமாக இருந்தது.

வசந்தகுமார் விரலை வைத்துப் பார்த்தான். நகம் வரைக்கும் உள்ளே போயிற்று. மோந்தால் வார்னிஷ் வாடையே இல்லை. செம்பரம்பாக்கம் ஏரி வற்றுகிற காலத்தில் கரையோரம் அடிக்குமே, செத்த மீனும் அழுகின பாசியும் கலந்த நாற்றம், அது. மழைக்காலம், ஊறியிருக்கும் என்று பேண்டில் துடைத்துக்கொண்டான். துடைத்த பிறகும் விரல் சில்லிட்டே கிடந்தது.

பென்னலூரில் அவனுடைய ஷெட்டில் தயாரானது, வெளிநாட்டுக்காரர்கள் மேஜைமேல் வைத்து விளையாடுகிற யுத்தம். முந்நூறு வருஷம் கழித்து நடக்கப்போகிற யுத்தமாம். கட்டைவிரல் அளவு ஈய டாங்குகள். அவை ஓடுவதற்குக் கதவு அகலப் பலகையில் மேடு, முள்காடு, இடிந்த ஊர், சேறு. மேட்டில் ஏறினால் பாதி வேகம். முள்காட்டுக்குள் நின்றால் எதிரி கண்ணுக்குத் தெரியாது. சேற்றில் மாட்டினால், பக்கத்து வண்டி தன் முறையை விட்டுக்கொடுத்து இழுக்க வேண்டும். ஓர் ஆட்டத்தோடு போரும் முடியாது. முதல் ஆட்டத்தில் இடிந்தது அடுத்ததிலும் இடிந்தேதான் இருக்கும். சேற்றில் கைவிட்ட வண்டி அடுத்த ஆட்டத்தில் எதிராளிக்குச் சொந்தம்.

பெட்டியில் அடைக்குமுன் எந்தப் பலகையானாலும் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடிப் பார்ப்பது அங்கே வழக்கம். வண்டி எங்கே சாய்கிறது, எங்கே இடறுகிறது என்பது ஆடினால்தான் தெரியும். அன்றைக்குக் கார்த்திகை மழையில் வேலைக்கு வந்தவள் பலகைக்கு வர்ணம் அடிக்கிற மீனம்மாள் ஒருத்திதான். விடிந்தால் துறைமுகத்துக்கு லாரி. வேறு வழியில்லாமல் அவளெதிரே உட்கார்ந்தான்.

அவள் புருஷன் நடேசன் கோடையில் இவனோடு ஏரிக்கு, பலகைச் சேற்றுக்கு வண்டல் எடுக்கப் போனவன். திரும்பவில்லை. "கூலிய வாங்கிக்கினு ஆந்திரா பக்கம் பூட்டான்" என்று இவன் சொன்னதே ஊரில் பேச்சாயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த சமயம். தெருவெல்லாம் போலீஸ், ஆனால் ஒரு கூலிக்காரனைத் தேட அவர்களில் யாருக்கும் நேரமில்லை. பிணம் கிடைக்காததால் காரியமும் இல்லை. மீனம்மாள் தாலியோடும் பொட்டோடும் வந்து போய்க்கொண்டிருந்தாள். ஊர்ப் பெண்கள் விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை, துக்கத்துக்கும் சேர்க்கவில்லை.

மத்தியானமே இருட்டிவிட்டது. கரண்டும் போனது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் மழை ஜல்லி கொட்டுகிற மாதிரி இரைய, லாந்தர் வெளிச்சத்தில் டாங்குகளின் நிழல் மேடுகளைத் தாண்டி நீண்டு நீண்டு ஒடுங்கிற்று. பகடை உருட்டினார்கள். வசந்தகுமாரின் வண்டி ஒன்று சேற்றில் இறங்கி நின்றது.

"பக்கத்துலயே ஒண்ணு கீதே மொதலாளி. இழுத்துக்கலாமே."

"ஒண்ணுக்கோசரம் இன்னொண்ண நிறுத்துவாங்களா? கெடக்குது, வுடு."

"வுட்டா என்னுது. அப்பால கேக்கக் கூடாது."

"ஈயத் துண்டுக்கு இன்னா வக்கீல் மாதிரி பேசற? எடுத்துக்கோ."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை.

அடுத்த ஆட்டம் தொடங்கியது. பகடை அவள் மடியிலேயே கிடந்தது. கைகள் இரண்டும் அதன்மேல். பலகையில் சேறு களக் என்றது. மாட்டிக்கிடந்த டாங்கு தானாகத் திரும்பி, பின்னால் ஈரத் தடம் விழ, மேட்டைச் சுற்றிக்கொண்டு இவன் பக்கமாக மெள்ள வந்தது. அது விட்டுவந்த சேறு தூங்குகிறவன் மூச்சுப்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நீ... நீதான தள்ளுன?"

"கய்ய பாருங்க மொதலாளி. மடியிலதான கீது."

டாங்கு பலகையின் விளிம்புக்கு வந்து நின்றது. விளிம்பில் சேறு தளும்பியது. வழிந்தது. கருப்பாக, கயிறு கயிறாக, அவன் செருப்பின்மேல்.

எழப் பார்த்தான். கால் வரவில்லை.

அதுவரை சிமெண்டாக இருந்த தரை கெண்டைக்காலைக் கவ்வியிருந்தது. குளிர். அந்த நாற்றம். அடியில் ஏதோ அசைந்தது.

"மீனம்மா! கய்ய குடு!"

அவள் அசையவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடம் காய்ந்தே இருந்தது.

"ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. எம்புருசன் கீறாரா, இல்லியா?"

"ஆந்திரா... ஆந்திராவுலதான்..."

முழங்கால். தொடை.

"சொல்லுங்க."

"செத்துட்டான்!" அலறினான். "பள்ளத்துல மாட்டிக்கினான். டிராக்டரும் லோடோட எறங்கிக்கினு இருந்துது. கயிறு ஒண்ணுதான். நான் டிராக்டருக்குக் கட்டிட்டேன். கரைமேல நின்ன லாரி இழுத்துது. அவுத்து எடுத்தாறதுக்குள்ள... மேல ஒண்ணுமே இல்ல, மீனம்மா. சமமா மூடிக்கிச்சு."

"கூப்ட்டாரா?"

இடுப்பு.

"கூப்ட்டான். கூப்ட்டுக்கினே இருந்தான்."

"அந்த லோடு மண்ணு?"

அவன் கண் பலகைச் சேற்றுக்குப் போயிற்று.

மீனம்மாள் எழுந்தாள். நெற்றிப் பொட்டைப் புறங்கையால் அழித்தாள். தாலியைக் கழற்றிப் பலகைச் சேற்றில் வைத்தாள். அது மெதுவாக உள்ளே போவதைக் கடைசிவரை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி, மாரில் அடித்துக்கொண்டு, இத்தனை மாசம் அடக்கி வைத்திருந்த ஒப்பாரி. அது ஓய்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"என் வேல முடிஞ்சுது மொதலாளி. அவரு வேலய அவரு பாத்துக்குவாரு."

மழைக்குள் இறங்கிப் போனாள். கதவைக்கூடச் சாத்தவில்லை.

நெஞ்சு.

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. கூப்பிட்டான். மழைதான் கேட்டது.

எதிரே சேறு குமிழ்ந்தது. முதலில் தலைமுடி. பிறகு நெற்றி. கண் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் வண்டல். தாடை வரைக்கும் எழுந்து, முகத்துக்கு நேர் முகமாக நின்றது. மூச்சு விடவில்லை. இவன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கை அவன் தோளில் விழுந்தது. கீழே அழுத்தவில்லை. மேலே தூக்கவும் இல்லை.

கழுத்து.

வசந்தகுமார் கண்ணை இறுக மூடிக்கொண்டான். இமைமேல் சேறு அப்பியது. அப்போது மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் இரண்டு வந்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல அந்தச் சேற்றைப் பதமாக வழித்தெடுத்தன. பிறகு அவன் இமைகளைத் திறந்து, அப்படியே பிடித்துக்கொண்டன.